மன்னிப்பு யாரிடம்?

2019ஆம் ஆண்டின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள செம்பவாங் நிலையத்தில் பெருவிரைவு ரயில் வந்து நின்றது. ஒன்பது வயது மகனின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு தாய் ஏறினாள். பெட்டியின் கோடியில், கதவை ஒட்டியிருக்கும் இருக்கைதான் அவனுக்குரியது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அவன் உலகத்தில் மட்டும் அது மாற்ற முடியாத சட்டம். அன்று அவ்விடத்தில் ஒருவர் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவன் ஒரு கணம் நின்றான். பிறகு அவன் தொண்டையிலிருந்து எழுந்த அலறல் பெட்டி முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. தன் தலையைத் தானே அடித்துக்கொண்டான். அவனை இறுகத் தழுவியபடி அத்தாய் சுற்றியிருந்தோரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்; எதிரே இருந்த மலாய் மூதாட்டியிடம் மலாயில் கேட்டாள்; தமிழ் முகம் ஒன்றைக் கண்டதும் தமிழிலும் கேட்டாள். நியூட்டனில் இறங்கி, ரயில் மாறி, லிட்டில் இந்தியாவை அடைந்து, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாள் என்பதை எண்ணியவர் இல்லை. அவளும் எண்ணவில்லை.

இத்தாய்க்குப் பெயர் வேண்டா. இவள் ஒருத்தியல்லள், கிள்ளானிலும் ஈப்போவிலும் ஜொகூர் பாருவிலும் இவள் இருக்கிறாள். இவளை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்பலாம். இவள் செய்த குற்றம் யாது? மன்னிப்பு என்பது வெறும் ஒலியன்று. அதற்கு முன்னே ஒரு பிழை இருந்தாக வேண்டும். அப்பிழையைச் செய்தவன் வேறுவிதமாக நடந்திருக்கக்கூடியவனாகவும் இருந்தாக வேண்டும். வழுக்கி விழுந்தவன் நிலத்திடம் மன்னிப்புக் கேட்பதில்லை. அச்சிறுவன் எவரையும் துன்புறுத்த எண்ணவில்லை. அவனைப் பெற்றவளோ அவன் அலறாதிருக்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்தவள். அப்படியாயின் குற்றவாளி இல்லாத இடத்தில் நாள்தோறும் மன்னிப்பு மட்டும் எவ்வாறு பிறக்கிறது?

அச்சிறுவனுக்கு இருப்பது ஆட்டிசம். 'தான்' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லினின்று வந்த பெயர் அது. சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகள் அதனை மதியிறுக்கம் என்கின்றன. மன இறுக்கம் என்பாரும் உளர். இரண்டும் முற்றும் பொருந்தும் பெயர்கள் என்று சொல்வதற்கில்லை. இத்தகைய குழந்தைகள் பலரிடம் காணப்படுவது இறுக்கத்தைவிட ஒருவகைத் திறப்பே. மூட முடியாத திறப்பு. மற்றவர் காதில் விழுந்தும் விழாமலும் போகிற ஒலிகளெல்லாம் இவர்கள் காதில் ஒருங்கே வந்து மோதுகின்றன. பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் பொறியின் இரைச்சல் காதில் அறைவது போல இருக்கிறது. சட்டையின் கழுத்தில் தைத்த சிறு துணித்துண்டு முள்ளாகக் குத்துகிறது. கோயில் தவிலும் மணியோசையும் பிறர்க்குப் பத்தியைத் தருகையில், இவன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் சுருள்கிறான். நகம் வெட்டுவது இவன் உறங்கிய பிறகே நடக்கிறது. உணவோ வெண்சோறும், தோல் சீவிய ஆப்பிளும், ஒரே வகைப் பிஸ்கட்டும்தான். அப்பிஸ்கட்டின் உறை நிறம் மாறினால், அது வேறு பிஸ்கட். வீட்டில் ஒரு வாரம் பட்டினிப் போராட்டமே நிகழும்!

இவ்வாறு கட்டுக்கடங்காமல் பாய்கிற உலகத்தில், நேற்றிருந்தது போலவே இன்றும் இருக்கும் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள அவன் விழைவது இயற்கையல்லவா? அந்தக் கோடி இருக்கை அத்தகைய ஒரு பற்றுக்கோடு. அது பறிபோனபோது எழுந்த அலறலை ரயிலில் இருந்தோர் 'அடம்' என்று கருதினர். அடம் பிடிக்கும் குழந்தை ஓரக்கண்ணால் தாயைப் பார்க்கும். கேட்டது கிடைத்ததும் அழுகையை நிறுத்தும். இவன் எவரையும் பார்க்கவில்லை. இருக்கையைக் கொடுத்த பின்னும் அவன் நடுக்கம் நெடுநேரம் அடங்கவில்லை. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பினும் இரண்டும் வெவ்வேறு.

அவனுடைய பேச்சும் அத்தகையதே. செம்பவாங் தொடங்கி மரினா வரையிலான நிலையங்களின் பெயர்களைப் பிழையின்றி ஒப்பிப்பான். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சொல்ல மாட்டான், "தண்ணி வேணுமா?" என்பான். தாய் கேட்ட வினாவையே தன் விடையாக்கிக்கொண்ட குழந்தை அவன். தண்ணீர் வரும்போதெல்லாம் அச்சொற்கள் ஒலித்தன. எனவே அச்சொற்களே தண்ணீரை அழைக்கும் என்பது அவன் துணிபு. இதில் அறிவின்மை எங்கே இருக்கிறது?

மன்னிப்பின் கதைக்குத் திரும்புவோம். அத்தாயின் வாயில் பிறக்கும் அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1943இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்நிலையை முதன்முதலாகத் தனியே வகுத்துக் காட்டியதாகப் போற்றப்படுவது அக்கட்டுரை. அதில், அக்குழந்தைகளின் பெற்றோருள் நெஞ்சில் ஈரமுடையோர் மிகச் சிலரே என்றும் அவர் குறித்துவைத்தார். குறை பிறவியிலேயே அமைந்தது என்னும் கருத்தும் அதே கட்டுரையின் இறுதியில் இருந்தது. ஆனால் உலகம் பற்றிக்கொண்டது எதை? ஈரமின்மையை. 'குளிர்பதனப் பெட்டி போன்ற தாய்' என்னும் கொடிய உருவகம் பரவிற்று. 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் எழுதிய நூலொன்று, நாத்சிகளின் வதைமுகாமில் அடைபட்டோரின் நிலையை இக்குழந்தைகளின் நிலையோடு ஒப்பிட்டது. அவரே அம்முகாம்களில் அடைபட்டு மீண்டவர். அந்த ஒப்புமையில் தாய் நிற்கும் இடம் எது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதனை மறுக்க முற்பட்டோருள் ஒருவர் ஒரு தந்தை. பெர்னார்ட் ரிம்லண்ட் என்பார் உளவியல் கற்றவர். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. தாயின் அன்பின்மைக்கும் இந்நிலைக்கும் தொடர்பில்லை என்பதை 1964லேயே நூலாக எழுதினார். 1969இல் கேனரே பெற்றோர் கூடிய அவையொன்றில் எழுந்து, பெற்றோராகிய உங்களைக் குற்றத்தினின்று விடுவிக்கிறேன் என்னும் கருத்துப்படப் பேசினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்த 11 இணைகளில், நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் பிறந்த 10 இணைகளில் ஒன்றிலும் அவ்வாறு இல்லை. மரபின் பங்கு அதனால் வெளிப்பட்டது. இருந்தும் என்ன? 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியின்மேல் ஐயத்தைக் கிளப்பிவிட்டது. 2010இல் அதை வெளியிட்ட இதழே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார் ஊசி போடும் அறைக்குத் தங்கள் கையால் குழந்தையைத் தூக்கிச் சென்ற நாளை எண்ணிக் கண்ணீர் வடித்துவிட்டனர்.

மேல்நாட்டுக் கதை இது. நம்மவர் இல்லங்களில் குற்றச்சாட்டுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படுவதில்லை. முன்வினை என்பர். கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே சென்றாள் என்பர். வேலைக்குப் போனாள், பணிப்பெண்ணிடம் பிள்ளையை விட்டாள், கையில் கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்தாள் என்பர். "எங்கள் பக்கத்தில் இப்படி யாருமில்லை" என்று மாமியார் சொல்லும் ஒற்றை வாக்கியம் ஒரு தீர்ப்புக்கு நிகர். கணவன் மறுமொழி சொல்லாமல் தட்டைப் பார்த்து உண்பான். ஆகவே அவள் ரயிலில் மன்னிப்புக் கேட்கையில், அந்த அலறலுக்காக மட்டும் கேட்கவில்லை. அவளை எந்த நீதிமன்றமும் விசாரித்ததில்லை. ஆயினும் அவள் தண்டனையை அனுபவித்து வருகிறாள்.

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. குழந்தையின் மழலை, அதன் கை அளாவிய உணவு, மகனை அவையில் முன்னிருத்தும் தந்தையின் கடமை, பிறர் வாயால் மகன் புகழ் கேட்கும் தாயின் மகிழ்ச்சி ஆகியன அங்கே பேசப்படுகின்றன. தமிழர் திருமண மேடைகளிலும் பெயர்சூட்டு விழாக்களிலும் இவ்வதிகாரம் ஒலிக்காத நாளில்லை. சொல் பிறவாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவ்விழாவில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவளுக்கு அது எவ்வாறு ஒலிக்கும்? வள்ளுவரைக் குறை கூறுவது நோக்கமன்று. பிள்ளையால் வரும் இன்பம் பிறர் வாய்ச்சொல்லால் அளக்கப்படும் ஒரு சமுதாயத்தில், பிள்ளையால் வரும் துன்பமும் பிறர் முகத்தைப் பார்த்தே அளக்கப்படும் என்பதே இங்குக் கருதத்தக்கது. அவை என்பது புகழும் இடம் மட்டுமன்று. தாய் தலைகுனியும் இடமும் அதுவே.

இவ்வளவும் தாயைப் பற்றியது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை? அவன் பேசாதவன், ஆதலால் கேளாதவன் என்று கொள்வது பெரும்பிழை. ஜிம் சின்கிளேர் என்பார் ஆட்டிசம் உடையவர். 1993இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டில் அவர் பெற்றோரை நோக்கிப் பேசினார். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பதே அவ்வுரையின் சாரம். தாங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லையே என்று பெற்றோர் வருந்துவது இயல்பு. ஆனால் வந்திருக்கும் பிள்ளையின் காதில் அவ்வருத்தம், 'நீ இல்லாதிருந்தால் நன்று' என்றே விழும் என்பது அவர் வாதம். தாய் தன்னைச் சுட்டி ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்பதை ஒன்பது ஆண்டுகள் கேட்டு வளரும் ஒருவன், தான் இருப்பதே ஒரு பிழை என்று கற்றுக்கொள்ளாமல் வேறு எதைக் கற்பான்? ஆயிரம் பயிற்சி அட்டைகளைக் காட்டிக் கற்பிக்க முடியாததை அந்த ஒரு சொல் கற்பித்துவிடும்.

சரி, மன்னிப்பே வேண்டா, ஊர் எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிடலாமா? அங்கேதான் கேள்வி கடினமாகிறது. ரயில் பயணிக்கு ஐந்து நிமிடத் தொல்லை. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அத்தாயின் வீட்டிற்கு நேர்கீழ் வீட்டில் வசிக்கும் சீன முதியவரின் நிலை வேறு. சிறுவனுக்கு உறக்கம் குறைவு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குதிப்பான். குதிப்பது அவன் உடலுக்கு அமைதி தருகிறது. வீவக அடுக்குமாடியில் ஒருவர் வீட்டுத் தரை இன்னொருவர் வீட்டுக் கூரையல்லவா? முதியவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். மறுநாள் மின்தூக்கியில் சந்திக்கையில் தாய் மன்னிப்புக் கேட்பாள். அன்றிரவு மீண்டும் மூன்று மணிக்குக் கூரை அதிரும். அவர் சினம் வளர்ந்ததேயன்றித் தணியவில்லை. அவர்மேல் பழி சொல்ல இடமில்லை. உறக்கம் எல்லார்க்கும் தேவை. முதுமைக்கு மேலும் தேவை. அன்றியும், மன்னிப்புக் கேட்பவர் 'இனி இது நிகழாது' என்று சொல்லாமற் சொல்கிறார். அவ்வாக்குறுதியை இத்தாயால் காப்பாற்ற இயலாது. ஆகவே அவள் கேட்ட ஒவ்வொரு மன்னிப்பும், அவள் அறியாமலே, அம்முதியவர்க்கு அளித்த ஒரு பொய்யாயிற்று.

தமிழில் இதற்கு வேறொரு சொல் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே வழங்கிவிட்டோம், வேர் வேறு. பொறை என்பது சுமை. பொறை என்பதே பொறுமையும் ஆகும். பொறுப்பும் அவ்வேரினின்றே முளைத்தது. மகப்பேற்றைப் பழந்தமிழ் பொறையுயிர்த்தல் என்றது. சுமை இறக்குதல் என்பது அதன் பொருள். ஆட்டிசமுடைய குழந்தையைப் பெற்றவளுக்கு அச்சுமை பிரசவ அறையில் இறங்கவில்லை. அதை அவள் தூக்கி நடக்கிறாள். 'மன்னியுங்கள்' என்பவள் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறாள். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பவளோ, இங்கே ஒரு சுமை இருக்கிறது, இதில் ஒரு முனையைச் சிறிது நேரம் பிடியுங்கள் என்கிறாள். முன்னதைக் கேட்டவர் மேலிருந்து அருள் செய்கிறார்; பின்னதைக் கேட்டவர் பக்கத்தில் வந்து தோள் கொடுக்க வேண்டியவராகிறார். கேட்பவளுக்கும் அதில் கடமை உண்டு. சுமையின் அளவைச் சொல்ல வேண்டும். தன் முனையைத் தான் விடாமல் பிடிக்க வேண்டும். அது நாணத்தை விழுங்கிவிட்டுச் செய்ய வேண்டிய காரியம். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடுவது அதைவிட எளிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் இக்குடும்பத்தில் உண்மையான மன்னிப்புக்கே இடமில்லையா? உண்டு. அது ஊரார்க்குச் சேர வேண்டியதன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, வீடு திரும்பிக் கதவைச் சாத்தியதும், அத்தாய் மகனின் முதுகில் ஓங்கி அறைந்தாள். அவன் அப்போது எதுவும் செய்யவில்லை. சுவரோரம் நின்று காலணியின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அறை விழுந்தது காலையில் ரயிலில் பட்ட அவமானத்துக்காக. இங்கே பிழை இருக்கிறது. வேறுவிதமாக நடந்திருக்கக்கூடியவர் பிழைத்திருக்கிறார். மன்னிப்பு என்னும் சொல்லுக்குரிய எல்லாம் இருக்கின்றன. ஆனால் நாளெல்லாம் அந்நியரிடம் மன்னிப்புக் கேட்ட வாய், இங்கே திறக்கவில்லை. அவனுக்கு விளங்காது என்பது காரணமாகச் சொல்லப்படும். விளங்குமோ விளங்காதோ, கடன் கடன்தான்.

இன்னொரு கடனும் உண்டு. ஆறு வயதுத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். கைதட்டிப் பாடினால் அண்ணன் அலறுவான் என்பதால் அவள் பிறந்தநாள் கேக் வீட்டுக்கு வெளியே, பொது நடைபாதையில் வெட்டப்பட்டது. பாட்டை மெல்லிய குரலில் பாடினர். "நீ நல்ல பிள்ளை, நீ புரிந்துகொள்வாய்" என்று அவளிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. நல்ல பிள்ளையாக இல்லாதிருக்கும் உரிமை அவளுக்கு மட்டும் மறுக்கப்பட்டுவிட்டது. "எங்களுக்குப் பிறகு அண்ணனுக்கு நீதான்" என்று தந்தை அவள் தலையைத் தடவிச் சொல்கையில், அது அன்பு மொழியாகத் தோன்றும். உண்மையில் கேளாமலே எழுதி வாங்கிய கடன்பத்திரம் அது. அவள் வளர்ந்து தானே விரும்பி ஏற்பாளாயின் அது அறம். பிறவிக் கடனாகச் சுமத்துவது அறமாகுமா என்பதை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'எங்களுக்குப் பிறகு யார்?' என்னும் அச்சம் பொய்யன்று; அது நள்ளிரவில் பெற்றோர் இருவரையும் தனித்தனியே விழிக்கச் செய்வது. சிங்கப்பூரில் 2008இல் உடற்குறையோர்க்கென ஓர் அறக்காப்பு நிறுவனம் தோன்றியது. பெற்றோர் விட்டுச்செல்லும் பணத்தைப் பிள்ளையின் தேவைக்கேற்ப அது வழங்கும். அதே ஆண்டில் மலேசியா உடற்குறையோர் சட்டத்தை இயற்றியது. 2019இல் சிங்கப்பூர் தன் கட்டாயக் கல்விச் சட்டத்தைச் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் விரித்தது. மலேசியாவும் அவ்வாண்டு எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவை சுமையின் ஒரு முனையை அரசு பிடித்ததற்கு அடையாளங்கள். எனினும் சட்டம் மின்தூக்கிக்குள் வருவதில்லை. அங்கே இருப்பவர் அண்டை வீட்டார்.

2019 அக்டோபர் 27ஆம் நாள் தீபாவளி. அத்தாய் ஒரு தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "அங்கிள், என் மகனுக்கு ஆட்டிசம். மூன்று மணிக்கு எழுந்து குதிக்கிறான். நிறுத்த முடியவில்லை. குதிக்கும் அறையில் தடித்த விரிப்புப் போட்டிருக்கிறேன். உங்கள் படுக்கை எந்த அறையில் என்று சொன்னால், அவனை அடுத்த அறைக்கு மாற்றிப் பழக்குகிறேன். பழகச் சில வாரங்கள் ஆகும்," என்றாள். முதியவர் முறுக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டித் தம் படுக்கையறையைக் காட்டினார். உள்ளே வருமாறு அழைக்கவில்லை. கதவைச் சாத்துமுன், பையனுக்கு என்ன வயது என்று கேட்டார்.

அடுத்த வாரம் இன்னொரு சோதனை காத்திருந்தது. நவம்பர் 2ஆம் நாள் செம்பவாங்கிற்கும் யீஷூனுக்கும் இடையே கான்பரா என்னும் புதிய நிலையம் திறக்கப்பட இருந்தது. ஊருக்கு அது வசதி. அச்சிறுவனுக்கோ மனப்பாடமான உலகத்தின் நடுவே ஒரு பிளவு. மூன்று வாரங்களாகத் தாய் ஒவ்வோரிரவும் நிலையங்களின் படத்தை வரைந்து, இடையில் ஒரு புதிய வட்டத்தைச் சேர்த்து, அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டி வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறினர். கோடி இருக்கையில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். சிறுவனின் தோள்கள் விறைத்தன. "தம்பி, இவன் எப்போதும் இந்த இடத்தில்தான் உட்காருவான். மாறினால் மிகவும் துன்பப்படுவான். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு இடம் தர முடியுமா?" என்றாள் தாய். இளைஞர் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். சிறுவன் அமர்ந்தான், உடனே முழுதும் அடங்கவில்லை, கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ரயில் நகர்ந்தது. புதிய நிலையம் வந்து கதவு திறந்து மூடும் வரை தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் சன்னலைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான்: "செம்பவாங், கான்பரா, யீஷூன், காதிப், இயோ சூ காங்..."